மைதா படாத தோசைக்கல்

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு மொட்டைமாடியில் தர்மராஜ் உணவகம் நடத்துகிறார். காலையில் அங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் ஏசுபாதத்தின் பேன்கேக்குக்காகவே படியேறுவார்கள். அலைச்சறுக்கு முடித்து, தலைமுடியில் உப்புத்தண்ணீர் சொட்டச் சொட்ட, பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து உட்காரும் இளவட்டங்கள். குளிர்காலத்தை இங்கே கழிக்க வரும் வெள்ளைக்காரத் தம்பதிகள். சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்து காரில் வரும் குடும்பங்கள். வாழைப்பழத் துண்டுகளை மேலே அடுக்கி, தேன் ஊற்றி, கைக்குட்டை மாதிரி மடித்து அவன் அனுப்பும் தட்டு, திரும்பி வரும்போது துடைத்து வைத்தாற்போல் இருக்கும்.

ஏசுபாதத்துக்குச் சொந்த ஊர் படாளம் பக்கம். அவனுடைய அப்பா பிறத்தியார் கழனியில் கூலி வேலை செய்தவர். பள்ளிக்கூடம் முடித்த கையோடு தட்டு கழுவ இந்த மாடிக்கு வந்தவன், கழுவிக்கொண்டே அடுப்பைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் கரண்டியைக் கையில் வாங்கிக்கொண்டான். பிறகு அந்தக் கல் அவனுடையதாகிவிட்டது. திருக்கழுக்குன்றத்தில் வாடகை வீடு. மனைவி ஹெலனுக்கு மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. அவள் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கும் முன்பே அவன் பைக்கை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் கிளம்பியிருப்பான்.

அவன் இளைக்கத் தொடங்கியபோது முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுப்படி வேலை, வெயில், வயசு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்புறம் வயிறு உப்பத் தொடங்கியது. சாப்பிட்டதெல்லாம் தங்காமல் போனது. மாடிப்படி ஏறினால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அக்கம்பக்கத்தில் சிலர் அவன் ரகசியமாகக் குடிக்கிறான் என்றார்கள். குடிக்காதவனைப் பற்றி அப்படிச் சொன்னது ஹெலனுக்குத்தான் தாங்கவில்லை. ஒரு நாள் ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டு, அவனைக் கையோடு செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

அவனைச் சில நாள் உள்நோயாளியாகச் சேர்த்து ரத்தம் எடுத்தார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பெண் டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"கோதுமையில குளூட்டன்னு ஒரு புரதம் இருக்கு. அது உங்க உடம்புக்கு ஆகல. அது உள்ள போகப் போக குடல் புண்ணாகிட்டே வருது. அதான் நீங்க என்ன சாப்பிட்டாலும் ஒட்டல."

"இன்னா மாத்திர டாக்டர்?"

"மாத்திரை கிடையாது. கோதுமை, மைதா, ரவை, சேமியா எதையும் இனிமே தொடக் கூடாது. ஆயுசுக்கும். அதான் வைத்தியம்."

ஏசுபாதத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'குளூட்டன் ஃப்ரீ இருக்கா' என்று வெள்ளைக்காரர்கள் கேட்பதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறான். அது அவர்கள் ஊர் நாகரிகம் என்றுதான் நினைத்திருந்தான்.

"வெள்ளக்காரங்களுக்கு வர்றது எனக்கு எப்டி டாக்டர் வரும்?"

"வடநாட்டுல நிறையப் பேருக்கு இருக்கு. நம்ம பக்கம் கம்மி, அவ்வளவுதான். நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

சொன்னான். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் சப்பாத்தி நின்றது. ராத்திரி பரோட்டா நின்றது. டீக்கு பிஸ்கட் நின்றது. சர்ச்சில் இராப்போஜனத்தின்போது கோதுமை அப்பத்தை வாங்காமல் திராட்சரசத்தை மட்டும் வாங்கிக்கொள்ள போதகர் ஐயரிடம் சொல்லிவைத்தாள் ஹெலன். டாக்டர் ஒரு மாதமாவது மாவு பறக்கும் இடத்துக்கே போகக்கூடாது என்று சொல்லியிருந்ததால் தர்மராஜ் லீவு கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு இளநீரும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு வந்து, கட்டில் பக்கத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

வீட்டில் சும்மா இருந்த அந்த நாட்களில் ஒரு காலை, தலை வாரிக்கொண்டே ஹெலன் கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் பேன்கேக்கு போட்டுப் போட்டுக் குடுத்தியே, எனக்கு ஒரு நாளாச்சும் போட்டியா?"

அவனுக்குத் திக்கென்றது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் செய்த பேன்கேக்கை அவள் வாயில் வைத்ததில்லை. வேலைக்குப் போகிற இருவரும் ஆளுக்கொரு பக்கம் நாஸ்தாவை முடித்துக்கொள்வதே வழக்கமாகியிருந்தது.

"இப்ப எப்டிப் போட்றது? மைதாவ நான் தொடக் கூடாதே."

"மைதா இல்லாத போடு. கம்பு கீது, கேவுரு கீது. ஒனக்குத் தெரியாததா?"

தெரியும் என்றுதான் அவனும் நினைத்தான். கம்பை மில்லில் அரைத்து வந்து, பால் விட்டுக் கரைத்து, வழக்கம்போலப் பெரிதாக ஊற்றினான். ஓரம் சிவந்ததும் திருப்பினான். கல்லிலேயே நான்காகப் பிளந்துகொண்டது. அடுத்ததும் அப்படித்தான். மைதா மாவு ரப்பர் மாதிரி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கம்பில் அந்தப் பிடி இல்லை. உடைந்ததை உப்புமா போல இருவரும் கரண்டியால் அள்ளித் தின்றார்கள். அன்று சாயங்காலமே அவனுக்கு வயிறு கலங்கியது. ஏனென்று புரியாமல் குழம்பியிருந்தபோது ஹெலன்தான் கேட்டாள்.

"மில்லுல நமக்கு முன்னாடி இன்னாத்த அரச்சாங்க?"

கோதுமைதான். அதே இயந்திரத்தில், அதே துணிப்பைக்குள். பிறகு கம்பைக் கழுவிக் காயவைத்து வீட்டு மிக்சியிலேயே அரைத்துச் சலித்தார்கள். அரைத்து வைத்தால் சீக்கிரம் கசந்துபோகும் என்பதால் வேண்டும்போது வேண்டிய அளவே. பழைய தோசைக்கல்லைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, புதிதாக ஒரு சின்ன இரும்புக் கல் வாங்கி எண்ணெய் தடவிப் பழக்கினார்கள்.

கனிந்து தோல் கறுத்த வாழைப்பழத்தை நன்றாக மசித்து, முட்டையை நுரைக்க அடித்து, கம்பு மாவோடு கொஞ்சம் அரிசி மாவும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, மாவை உடனே ஊற்றாமல் ஊறவிட்டுப் பார்த்தான். அவசரம்தான் இதற்கு ஆகாது என்று பிடிபட்டது. ஊறிய மாவு பழத்தோடு சேர்ந்து கெட்டிப்பட்டது. உள்ளங்கை அகலத்துக்குமேல் ஊற்றாமல், தீயைக் குறைத்து, மேலே குமிழி வெடித்து அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றான். திருப்பினான். உடையவில்லை. தவிட்டு நிறத்தில், ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் பஞ்சுபோல வந்தது.

ஹெலன் நின்றபடியே ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டாள்.

"இன்னாவோ நாட்டுச்சக்கர அடை மாரி கீது," என்றாள். பிறகு உட்கார்ந்து தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மிச்சத்தை டிபன் டப்பாவில் அடைத்துக் கம்பெனிக்கும் எடுத்துப் போனாள்.

உடம்பு கொஞ்சம் தேறி, மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பிய அன்று, ஏசுபாதம் நான்கைந்தைச் செய்து தர்மராஜுக்கு எடுத்துப் போனான். அவர் ஒரு கடி கடித்ததும் கண் விரிந்தது.

"டேய் ஏசு, இதுல மைதாவே இல்லியா?"

"துளி கூட இல்லண்ணா."

"இத்தத்தானடா எல்லாரும் கேட்டுகினு கீறாங்க!"

மறுநாள் காலை மாடிப்படி அடியில் இருக்கும் கரும்பலகையில் 'குளூட்டன் ஃப்ரீ பேன்கேக்' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. தர்மராஜ் சுற்றிலும் பூ வரைந்திருந்தார். ஏசுபாதம் அதைப் பார்த்துவிட்டு மேலே போய்க் கேட்டான்.

"ண்ணா, தனிக் கல்லு வாங்கணும். கரண்டி, கிண்ணம் எல்லாமே தனியா வேணும். மாவ வேற ரூம்ல வெச்சுதான் கலக்கணும்."

"சீசன் முடியட்டும்டா. இப்ப எடம் எங்க கீது? கல்ல நல்லாத் தொடச்சிட்டு ஊத்து. துளி பட்டா இன்னா ஆயிடப் போவுது?"

துளி பட்டால் என்ன ஆகும் என்பது ஏசுபாதத்தின் வயிற்றுக்குத் தெரியும். ஆனாலும் அவன் அப்போது அதற்குமேல் பேசவில்லை. லீவும் கொடுத்து, ஆஸ்பத்திரிக்கும் வந்த மனுஷன். அதோடு, அந்தப் பேன்கேக்கைக் கேட்டு வாங்கியவர்கள் கூடவே பீட்சாவும் சொன்னார்கள். இது அவர்களுக்கு நோயில்லை, ஒரு பழக்கம், அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். தேற்றிக்கொண்டானே தவிர, ஒவ்வொரு தட்டையும் ஜன்னல் வழியாகத் தள்ளும்போது அது போய்ச் சேரும் மேசையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஒரு சனிக்கிழமை காலை கூட்டம் நெரிந்த நேரத்தில் ஒரு அப்பாவும் மகளும் படியேறி வந்தார்கள். சென்னைக்காரர். அவர் பெயர் ஹேமந்த், மகள் பெயர் கவியா என்பது பிறகுதான் தெரிந்தது. பெண்ணுக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும். மூச்சிரைக்க ஓடி வந்தவள் கல்லாவுக்கு முன்னால் நின்று, "அப்பா, நிஜமாவே எழுதியிருக்கு பாருங்க!" என்றாள்.

ஹேமந்த் தர்மராஜிடம் தணிந்த குரலில் கேட்டார். "இவளுக்கு சீலியாக் இருக்கு சார், குளூட்டன் ஒத்துக்காது. கொஞ்சம் கோதுமை பட்டாலும் ரெண்டு மூணு நாள் படுத்துடுவா. தனியா செய்யறீங்களா?"

"கவலையே படாதீங்க சார். கேரண்டி," என்றார் தர்மராஜ். அவர் பொய் சொல்லவேண்டும் என்று சொன்ன மாதிரி இல்லை. வாய் பழக்கத்தில் வந்துவிட்டது.

சமையலறை ஜன்னலிலிருந்து ஏசுபாதம் அந்தப் பெண்ணைப் பார்த்தான். குச்சிக் கை. முகத்தில் ஒரு வெளுப்பு. சட்டைக்குள் உப்பித் தெரிந்த வயிறு. கண்ணாடியில் தன்னைப் பார்த்துப் பார்த்துப் பழகியவனுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கல்லில் அப்போது இரண்டு மைதா பேன்கேக்குகள் வெந்துகொண்டிருந்தன. அடுப்பை அணைத்தான். கையைக்கூடக் கழுவாமல் வெளியே வந்தான்.

"சார், வேணாம் சார்."

ஹேமந்த் திரும்பினார்.

"எல்லாம் ஒரே கல்லுதான். பாருங்க," என்று முழங்கைவரை வெள்ளையாக இருந்த கையை நீட்டிக் காட்டினான். "காத்துலயே மைதா கீது. எனக்கும் இதே வியாதிதான். கொயந்தைக்குக் குடுக்காதீங்க."

மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தர்மராஜின் முகம் சுருங்கிப்போனது. ஹேமந்த் மகளின் தோளில் கை வைத்தார். அந்தப் பெண் அழவில்லை. அடம்பிடிக்கவில்லை.

"பரவால்லப்பா. எனக்கு வாழைப்பழம் போதும்," என்றாள்.

அதைப் பலமுறை சொல்லிப் பழகியவள்போலச் சொன்னாள்.

அவர்கள் இறங்கிப் போனதும் தர்மராஜ் அவனைச் சமையலறைக்குள் இழுத்துப்போனார்.

"அத்தினி பேர் முன்னாடி என்ன அசிங்கப்படுத்திட்டியேடா! கூப்ட்டு காதுல சொல்லக் கூடாதா?"

"முன்னயே சொன்னேன்ணா. நீங்க சீசன் முடியட்டும்னீங்க."

"அதுக்கு? நான் ஒனக்கு இன்னா கொற வெச்சேன்?"

"ஒரு கொறயும் வெக்கலண்ணா. இத்த மட்டும் என்னால செய்ய முடியாது."

அவிழ்த்த ஏப்ரனை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு ஏசுபாதம் கீழே இறங்கினான். ஹேமந்தும் மகளும் தெருமுனையில் பழக்கடை ஓரம் நின்றுகொண்டிருந்தார்கள். ஓடிப்போய்ப் பிடித்தான். எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று கேட்டான். மீனவர் குடியிருப்பைத் தாண்டி ஒரு வாடகை வீடு, அடுப்பு வசதி உண்டு, நாளை மதியம் கிளம்புகிறோம் என்றார் ஹேமந்த்.

"அப்ப நாளைக்குக் காலைல நான் வர்றேன் சார். என் வூட்டுக் கல்லு, என் வூட்டு மாவு. பாப்பா எதுவும் துன்னாம காத்துகினு இருக்கட்டும்."

ஹெலனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் துவைத்த துணியை உதறிக்கொண்டிருந்தாள்.

"அப்போ வேல?"

"தெரில."

"தெரிலன்னா? வாடக யாரு குடுப்பாங்க?" என்று கேட்டவள் துணியைக் கொடியில் போட்டாள். அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுருண்டு கிடந்தது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். "அந்தப் பொண்ணுக்கு எத்தினி வயசு?" என்று கேட்டாள். சொன்னான். அவள் கம்பை முறத்தில் கொட்டிக் கல் பொறுக்க உட்கார்ந்தாள். "நாளைக்கு ரெண்டாவது ஆராதனைக்குப் போய்க்கலாம். நானும் வர்றேன்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் பைக்கில் போனார்கள். தோசைக்கல்லைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஹெலன் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அந்த வாடகை வீட்டின் சமையலறையில் சப்பாத்திக் கட்டை இருந்ததைப் பார்த்ததும், அங்கிருந்த எந்தப் பாத்திரத்தையும் அவள் தொடவிடவில்லை. மேடையை நன்றாகக் கழுவித் துடைத்தாள். கவியா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மாவு ஊறுகிற நேரம் முழுக்க "இப்ப ஆச்சா, இப்ப ஆச்சா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

முதல் பேன்கேக்கை இரு கையாலும் எடுத்துத் தின்றாள். பிறகு இரண்டாவது. மூன்றாவதில் தேன் ஊற்றி, விரலை நக்கி, அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

"அங்கிள், நீங்க சாப்பிடலையா?"

வாடிக்கையாளர் முன்னால் அவன் என்றைக்கும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ஹேமந்த் நாற்காலியை நகர்த்திப் போட்டார். ஹெலனும் உட்கார்ந்தாள். நான்கு பேரும் ஒரே தட்டிலிருந்து எடுத்துத் தின்றார்கள்.

"உங்களுக்கும் வயிறு வலிக்குமா?" என்று கேட்டாள் கவியா.

"வலிக்கும். இப்ப கொறஞ்சிடுச்சு."

"நீங்க முன்னாடி எல்லாம் சாப்பிடுவீங்களா? பரோட்டாகூட?"

"டெய்லி."

அவள் பக்கத்தில் நெருங்கி வந்தாள். "பரோட்டா எப்படி இருக்கும்? எனக்குச் சின்ன வயசுலயே நிறுத்திட்டாங்க. ஞாபகமே இல்ல. யாரைக் கேட்டாலும் அது ஒண்ணும் நல்லாவே இருக்காதுன்னு சொல்றாங்க."

ஹேமந்த் மகளைப் பார்த்தார், பிறகு ஏசுபாதத்தைப் பார்த்தார். அவனும் அதையே சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நேற்று அத்தனை பேர் முன்னால் ஒரு உண்மையைச் சொல்லிவிட்டு, இன்று அதே பெண்ணிடம் எப்படிப் பொய் சொல்வது?

"ரொம்ப நல்லா இருக்கும்மா," என்றான். "சூடா பிச்சா ஏடு ஏடா வரும். சால்னாவுல ஊறிச்சின்னா வாயில வெச்சதும் வழுக்கிகினு போவும். இப்ப நெனச்சாலும் எனக்கு நாக்கு ஊறுது."

ஹெலன் அவன் தொடையில் கிள்ளினாள். ஆனால் கவியாவின் முகம் வாடவில்லை. ஏதோ நெடுநாள் சந்தேகம் தீர்ந்ததுபோல ஒரு பெருமூச்சு விட்டாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள். "வாசனையே அவ்ளோ நல்லா இருக்கே."

"துன்னாம இருக்கறது கஷ்டந்தான்," என்றான் ஏசுபாதம். "எனக்கும் கஷ்டமாத்தான் கீது."

அவள் தலையாட்டினாள். தட்டில் இருந்த கடைசித் துண்டைப் பிய்த்துப் பாதியை அவன் பக்கம் நகர்த்தினாள். இத்தனை மாதங்களில் தன் நோயைப் பற்றி அவன் யாரிடமும் இவ்வளவு சுலபமாகப் பேசியதில்லை. டாக்டருக்கு அது நோய். ஊருக்கு அது புதுமை. இந்த ஒரு பெண்ணுக்குத்தான் அது தினமும் சாப்பாட்டு நேரத்தில் வந்து பக்கத்தில் உட்காரும் ஒன்று.

அன்று மாலையே தர்மராஜ் திருக்கழுக்குன்றத்துக்கு வந்தார். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் நின்றார். ஹெலன் கூப்பிட்டதும் வந்து உட்கார்ந்து, கொடுத்த காபியை ஆறவிட்டார்.

"பலகைய அழிச்சிட்டேன்," என்றார் கடைசியில். "நேத்து பூரா எனக்குப் பேஜாராப் பூட்ச்சுடா. அந்தப் பொண்ணு துன்னுட்டு எதுனா ஆயிருந்தா?" பிறகு, இன்னும் ஆறாத குரலில், "ஆனா நீ என்கிட்டத்தான் முதல்ல சொல்லியிருக்கணும்," என்றார்.

"சொன்னேன்ணா."

தர்மராஜ் காபியை எடுத்துக் குடித்தார். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. அவர்களுக்குள் அது முழுதாக ஆறியது என்று சொல்லமுடியாது. ஆனால் மைதா அடுப்புக்கு அவன் இனித் திரும்ப வரமுடியாது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. மாடியின் மறுகோடியில், காற்றுவாக்கில், மாலை நேரத்தில் மீன் சுடும் கரியடுப்பு ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த சம்பத்தைப் பேன்கேக் கல்லுக்கு அனுப்பிவிட்டு, அந்த அடுப்பை ஏசுபாதத்துக்குக் கொடுத்தார். சம்பத்தின் பேன்கேக்கைப் பற்றிப் பழைய வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். ஏசுபாதத்துக்கும் முதல் சில நாட்கள் அந்தப் பக்கம் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. வஞ்சிரத்தில் மசாலா தடவும் கை, தன்னையறியாமல் மாவு ஊற்றும் வட்டத்தையே போடும். போகப் போகச் சரியானது. உடம்பில் சதை பிடித்தது. படியேறினால் மூச்சு வாங்கவில்லை.

குளூட்டன் ஃப்ரீ இருக்கிறதா என்று யாராவது கேட்டால் இப்போது தர்மராஜே, "நம்ம கிச்சன் அதுக்கு லாயக்கில்லீங்க," என்று சொல்லிவிட்டுக் கரியடுப்புப் பக்கம் கையைக் காட்டுகிறார். "அவர கேளுங்க. நீங்க தங்கற எடத்துக்கே வந்து செஞ்சு தருவாரு." மாதத்தில் ஓரிரண்டு காலைகளில் அப்படி அழைப்பு வருகிறது. மற்றக் காலைகளில் அவன் வீட்டில்தான் இருக்கிறான். ஹெலனுக்கு இரண்டாவது ஷிப்டு வரும் வாரங்களில் இருவரும் சேர்ந்தே சாப்பிடுகிறார்கள்.

அப்படி ஒரு காலையில் அவள், "பழம் போடாத எனக்கு ரெண்டு ஊத்து," என்றாள். எதற்கென்று கேட்காமல் ஊற்றிக் கொடுத்தான். அவள் எழுந்துபோய், முந்தின நாள் மீன் குழம்பைச் சுடவைத்து வந்து, பேன்கேக்கின்மேல் தாராளமாக ஊற்றினாள்.

"அய்ய, இன்னா பண்ற நீ?" என்று அவன் பதறினான். "தேன் ஊத்திச் சாப்பிட்றதும்மா அது!"

"வெள்ளக்காரனுக்குத் தேன். எனக்கு இது," என்று அவள் ஒரு வாய் பிசைந்து அவன் முன் நீட்டினாள்.

வேண்டாவெறுப்பாக வாயைத் திறந்தான். மென்றான். எழுந்துபோய்க் கிண்ணத்தில் பழம் சேராத மாவை இன்னும் கொஞ்சம் கரைக்க ஆரம்பித்தான்.